கூரையின் கடன் யாருடையது?

மனிதன் வீடு கட்டத் தொடங்கிய நாள் முதலாக உடைமை என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் இருந்து வந்துள்ளன. ஒன்று, ‘இது என்னுடையது’ என்று சொல்லும் உரிமை. மற்றது, ‘இதனை நான் பேணுவேன்’ என்னும் பொறுப்பு. தனி வீட்டில் இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒன்றுசேர்கின்றன. கூரை ஒழுகினால் அதனை முதலில் அறிபவரும் அவரே. எப்பொழுது, எவரைக் கொண்டு, எவ்வளவு செலவில் திருத்துவது என்று தீர்மானிப்பவரும் அவரே. பணங் கொடுப்பவரும் அவரே. ஆனால், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் அடுக்கடுக்காக வாழும் தொடர்மாடியில் அக்கூரை யாருடையது? அறிபவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறொருவர், பணங் கொடுப்பவர் மூன்றாமவர் என்று ஆகிவிட்டால் அங்கே நீதி எவ்வாறு அமையும்? இவ்வினாவை இங்கிலாந்தின் குத்தகை வீட்டு முறையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது நமக்குத் தூரத்து விவகாரம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. 1983க்குப் பின்னர் இந்நாட்டை விட்டகன்று இலண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் குடியமர்ந்த நம்மவருள் தொடர்மாடி வீடு வாங்கியோர் இம்முறைக்குள்ளேயே வாங்கினர். அஃதன்றியும், ஒரு சமுதாயம் தன் பொதுப் பொருளின் தேய்மானத்தை யார் தலையில் ஏற்றுகிறது என்பது அச்சமுதாயத்தின் ஒழுக்கத்தை அளந்தறிய உதவும் நல்லதோர் அளவுகோலாகும்.

முதலிற் குத்தகை முறை இன்னதென்று தெளிந்துகொள்வோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடர்மாடி வீடொன்றை ‘வாங்கினேன்’ என்று சொல்பவர் பெரும்பாலும் வீட்டை வாங்கியவரல்லர். 99 ஆண்டுகளுக்கோ 125 ஆண்டுகளுக்கோ, சிலவேளை 999 ஆண்டுகளுக்கோ அதிற் குடியிருக்கும் உரிமையையே அவர் வாங்குகிறார். காலம் முடிந்ததும் வீடு நிலத்துக்கு உரியவரிடமே திரும்பும் என்பது இம்முறையின் அடிப்படை. வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, நீர்க்குழாய் ஆகிய யாவும் பொதுவாக நிலக்காரருக்கே உரியன. அவற்றைப் பேணும் பொறுப்பும் அவருடையதே. ஆனால் அதற்கான செலவு முழுவதையும் குத்தகைக்காரரிடையே பங்கிட்டு அறவிட உடன்படிக்கை அவருக்கு இடமளிக்கிறது. ஏறக்குறைய 50 இலட்சம் வீடுகள் இவ்வாறு குத்தகையில் உள்ளன.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. இலண்டனின் நிலத்தைத் தம் கையில் வைத்திருந்த பிரபுக் குடும்பங்கள், நிலத்தை விற்காமல் கட்டுவோருக்குக் குத்தகையாக விட்டன. பிறர் பணத்தில் வீடுகள் எழுந்தன. தவணை முடிந்ததும் நிலத்தோடு வீடும் பிரபுவுக்கு வந்து சேர்ந்தது. 1677இல் ஒரு திருமணத்தின் வழியாக இலண்டனின் மேற்கிலிருந்த வயல்வெளிகளைப் பெற்ற குரோவ்னர் குடும்பம், அந்நிலம் மேபெயராகவும் பெல்கிரேவியாவாகவும் மாறியபோது உலகின் பெருஞ்செல்வக் குடும்பங்களில் ஒன்றாயிற்று. நிலப்பிரபுத்துவம் மறைந்தது என்று வரலாற்று நூல்கள் கூறும். அதன் ஒரு கிளை அடுக்குமாடிகளின் உறுதிப் பத்திரங்களுக்குள் புகுந்து நவீன காலத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்பதே உண்மை.

இனி, நாம் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வருவோம். மருத்துவமனைத் தாதி ஒருவர், பல ஆண்டுச் சேமிப்பை முதலாக வைத்து, மிகுதிக்கு வங்கியில் ஈட்டுக்கடன் பெற்று, இத்தகைய வீடொன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் கட்ட வேண்டிய கடன் தவணை, ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கிட்டே அவர் கையெழுத்திட்டார். சில மாதங்களில் ஒரு கடிதம் வருகிறது: கூரை மாற்றப்படவுள்ளது, மின்தூக்கி புதிதாக்கப்படவுள்ளது, உமது பங்கு இத்தனை ஆயிரம் பவுண். இத்தகைய பெருந்திருத்த வேலைகளில் ஒரு வீட்டின் பங்கு பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறுவதுண்டு. ஐம்பதாயிரத்தை எட்டியதும் உண்டு. கட்ட மறுத்தால், உரிய நடைமுறைகளின் பின் குத்தகையையே பறிக்கக் கோரும் உரிமையை ஆங்கிலச் சட்டம் நெடுங்காலமாக நிலக்காரர் கையில் வைத்துள்ளது. கடிதத்தின் பணிவான சொற்களுக்குப் பின்னால் நிற்பது அந்த வாளேயாகும்.

சட்டம் குத்தகைக்காரரை முற்றாகக் கைவிட்டுவிட்டது என்று நாம் கூறவில்லை. 1985 ஆம் ஆண்டின் நிலக்காரர், குத்தகைக்காரர் சட்டம் சில காப்புகளைத் தருகிறது. செலவு நியாயமானதாக இருத்தல் வேண்டும். வேலை தரமானதாக இருத்தல் வேண்டும். எந்தவொரு வீட்டின் பங்கேனும் 250 பவுணைத் தாண்டுவதாயின் அச்சட்டத்தின் 20 ஆம் பிரிவின்படி குத்தகைக்காரரின் கருத்தை முன்கூட்டியே கேட்டல் வேண்டும். முதலில் எண்ணத்தை அறிவித்து 30 நாள், பின்னர் விலைமதிப்பீடுகளைக் காட்டி 30 நாள் அவகாசம் அளித்தல் வேண்டும். செலவு ஏற்பட்டு 18 மாதங்களுக்குள் பணத்தைக் கேட்காமலும் எழுத்தில் அறிவிக்காமலும் இருந்தால் அறவிடும் உரிமை போய்விடும். முறைப்பாடு செய்வதற்கு நியாயசபையும் உண்டு.

ஆயினும், இக்காப்புகளின் தன்மையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கருத்தைக் கேட்பது நிலக்காரரின் கடமை. கேட்டதைக் கவனத்திற் கொள்வதும் கடமை. ஆனால் அதன்படி நடப்பது கடமையன்று. பணம் முழுவதையும் கொடுப்போர் அனைவரும் ஒருமித்து ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் வேலை நடைபெறலாம். கேட்கும் கடமையிற் குறை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் 2013இல் அதியுயர் நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வடக்கு இலண்டனின் மஸ்வெல் ஹில்லில் ஐந்து குத்தகைக்காரரைப் பற்றிய வழக்கு அது. நடைமுறை மீறப்பட்டமையால் ஒவ்வொருவரிடமிருந்தும் 250 பவுணுக்கு மேல் அறவிட முடியாது என்று கீழ்நிலை மன்றங்கள் கூறின. அதியுயர் நீதிமன்றமோ, மீறலால் தமக்கு உண்மையான பாதிப்பு நேர்ந்ததென்று குத்தகைக்காரர் காட்டினாலன்றி மீறலை மன்னிக்கலாம் என்று, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையிற் கூறிற்று. நிலக்காரர் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது என்பது உண்மை. எனினும், பேசும் உரிமை தன்னளவிற் பெறுமதியுடையதன்று, பணத்தில் நட்டம் காட்டினாலே அதற்குப் பெறுமதி உண்டு என்னும் கருத்து அத்தீர்ப்பில் நிலைபெற்றுவிட்டது.

இங்கேதான் ஒழுக்கவியலின் கடினமான வினா எழுகிறது. மேற்கூறிய தாதிக்கு அநீதி இழைத்தவர் யார்?

நிலக்காரரைக் கேட்டால், ‘கூரை பழுதடைந்துவிட்டது. திருத்துவது என் கடமை. வீடு விற்கப்பட்ட வேளையில் அறிவித்தல் எதுவும் நான் அனுப்பியிருக்கவில்லை’ என்பார். விற்றவரைக் கேட்டால், ‘கேட்ட வினாக்களுக்கு விடை தந்தேன். எனக்கு அறிவித்தல் வரவில்லை’ என்பார். வாங்குபவரின் சட்டத்தரணி, ‘வரும் இரண்டு ஆண்டுகளிற் பெருவேலை எதுவும் உண்டா என்று வழமையான படிவத்தின் மூலம் விசாரித்தேன். இல்லை என்ற பதிலை உம்மிடம் காட்டினேன்’ என்பார். வீட்டைப் பார்வையிட்ட மதிப்பீட்டாளர், ‘நான் பார்க்கப் பணிக்கப்பட்டது மூன்றாம் மாடியில் உள்ள வீட்டை, பத்தாம் மாடிக்கு மேலுள்ள கூரையை அன்று’ என்பார். வங்கி, தன் கடனுக்கு வீடு ஈடாக இருப்பதோடு அமைதி கொள்ளும். ஒவ்வொருவரும் சட்டப்படி நடந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கைகளைக் கழுவிக்கொள்கிறார்கள். ஆயினும் ஒரு பெண்ணின் பத்தாண்டுச் சேமிப்பு அழிந்துபோகிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நம் முன்னோர் சொன்னது இதனையே.

குற்றவாளி இன்றிக் குற்றம் நிகழ முடியுமா? தனிமனித ஒழுக்கம் ஒன்றையே ஒழுக்கமென்று கருதுவோர், முடியாது என்பர். தாதியின் துன்பத்தைத் துரதிட்டம் என்று பெயரிட்டு அப்பால் நகர்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. மழையும் இடியும் துரதிட்டமாகலாம். மனிதர் வகுத்த விதிகளின்படி, மனிதர் ஒத்திப்போட்ட கடமையின் விலை, மனிதர் குறித்த ஒரு நாளில், ஒருவர் தலைமேல் வந்து விழுவது எவ்வாறு துரதிட்டமாகும்? ஒவ்வொரு கையும் சுத்தமாயிருக்க, எல்லாக் கைகளும் சேர்ந்து ஒரு தீங்கைச் செய்யுமாறு அமைந்த ஒழுங்குதான் இங்கே குற்றத்தின் இருப்பிடம். எனினும், ஒழுங்கின் மீது பழியைச் சுமத்தித் தனிமனிதர் தப்பிவிடவும் கூடாது. அயலவரின் பேச்சால், படிக்கட்டில் நடந்த உரையாடலால், வேலை வரப்போகிறதென்று அறிந்து, அறிவித்தல் வருவதற்கு முன் விற்றுவிட விரைந்தவர், சட்டத்தின் முன் சுத்தராயினும் மனச்சாட்சியின் முன் சுத்தரல்லர்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவன சில உள. அவற்றையும் நேர்மையாக நோக்குதல் முறை.

முதலாவது மறுப்பு, ‘விரும்பியே கையெழுத்திட்டார், உடன்படிக்கை உடன்படிக்கையே’ என்பது. உடன்படிக்கையின் ஒழுக்க வலிமை இரண்டு தூண்களில் நிற்கிறது: இரு சாராரும் அறிந்திருத்தல்; இரு சாராரும் மறுக்கக்கூடியவராயிருத்தல். கூரையின் நிலையை ஒரு சாரார் மட்டுமே அறிவர். மறுப்பதோ பெயரளவிலானது, ஏனெனில், ஒரு குத்தகை வேண்டாமென்று மறுத்தால் அடுத்த தெருவிற் கிடைப்பதும் அதே வகைக் குத்தகைதான். பசித்தவனுக்கு ஒரே கடையைத் திறந்து வைத்துவிட்டு, ‘விரும்பித்தானே வாங்கினாய்’ என்று கேட்பது நியாயமாகாது.

இரண்டாவது மறுப்பு, ‘புதிய கூரையின் பயனைப் பெறப்போகிறவர் அவரே, ஆகவே அவரே கொடுக்கட்டும்’ என்பது. இதில் உண்மை உண்டு; ஆனால் பாதி உண்மையே உண்டு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 வீடுகள் கொண்ட கட்டிடத்தின் கூரையும் மின்தூக்கியும் 40 ஆண்டு தாங்கும். அவற்றை மாற்ற 4 இலட்சம் பவுண் ஆகும் என்று கொள்வோம். ஒரு வீட்டின் பங்கு 20,000 பவுண். ஆண்டுதோறும் சேர்த்திருந்தால் ஒரு வீட்டுக்கு 500 பவுண் மட்டுமே. அவ்வாறு சேர்க்கப்படவில்லையாயின் என்ன நிகழ்ந்திருக்கிறது? 40 ஆண்டுகளாக அவ்வீட்டில் இருந்தவர்கள் ஆண்டுதோறும் 500 பவுண் பெறுமதியான கூரையைத் தின்றுவிட்டு, விலை கொடாமலே சென்றிருக்கிறார்கள். போகும்போது ‘பராமரிப்புக் கட்டணம் குறைவு’ என்று விளம்பரமும் செய்து நல்ல விலைக்கு விற்றிருக்கிறார்கள். 40 ஆம் ஆண்டில் வந்தவர், கூரையுள்ள வீட்டின் விலையையும் கொடுத்து, கூரையின் விலையையும் கொடுக்கிறார். அவர் வருங்காலத்துக்காகக் கொடுப்பதில் முறையின்மை இல்லை. கடந்த காலத்துக்காகவும் கொடுக்க வைக்கப்படுவதே முறையின்மை. தேய்மானம் நாள்தோறும் நிகழ்வது. அதன் விலையை ஒரே நாளில் வாங்குவது, காலத்தையே சூதாட்டப் பலகையாக்குவது.

மூன்றாவது மறுப்பு நம்மவரிடமிருந்தே எழக்கூடியது. ‘வீட்டை உடைமையாக வாங்குபவர் சிறு சொத்துடையவர், வாடகைக்கும் வழியற்ற மக்கள் கோடிக்கணக்கில் இருக்க, இவருக்காக ஏன் இரங்க வேண்டும்?’ என்பது அது. இம்மறுப்புக்கு விடை காண, இங்கிலாந்தின் நகரசபை வீடுகளின் வரலாற்றை நோக்குதல் அவசியமாகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டு நகரசபைகள் தொழிலாளருக்கென இலட்சக்கணக்கான வீடுகளைக் கட்டின. அவற்றுட் பல விரைவும் சிக்கனமும் கருதிக் கட்டப்பட்ட உயர்ந்த மாடிகள். 1968 மே 16ஆம் நாள் கிழக்கு இலண்டனில் ரோனன் பொயின்ற் என்னும் புத்தம் புதிய மாடியின் ஒரு மூலை, எரிவாயு வெடிப்பினாற் சரிந்து நால்வர் மாண்டபோது, அவ்விரைவின் விலையை நாடு ஓரளவு உணர்ந்தது. 1980இல் மார்கரெட் தட்சரின் அரசாங்கம் வீட்டுச் சட்டத்தின் மூலம், குடியிருக்கும் வீட்டைப் பெருங் கழிவில் வாங்கும் உரிமையை வாடகைக்காரருக்கு அளித்தது. அதன் பின் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 இலட்சம் வீடுகள் இவ்வாறு விற்கப்பட்டன. தொடர்மாடியில் வாங்கியோருக்குக் கிடைத்தது குத்தகையே. நிலக்காரராய் நின்றது நகரசபை. அதுவரை கூரையைத் திருத்துவது சபையின் கடமை. வாடகைக்காரர் அதுபற்றித் தனியே பணங் கொடுத்தவரல்லர். வாங்கியவுடன் அவர் கூரையின் பங்காளியானார். விற்பனையின்போது சபை தந்த மதிப்பீட்டுக்கு மேல் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அறவிட முடியாதென்று சட்டம் ஒரு குடையைப் பிடித்தது. ஐந்து ஆண்டு கழிந்ததும் குடை மடங்கிற்று, மழை தொடர்ந்தது.

தொழிலாளியை வீட்டுச் சொந்தக்காரனாக்கினால் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற கருத்தை 1872இலேயே எங்கெல்ஸ் மறுத்தெழுதினார். பெருநகரத்துத் தொழிலாளிக்கு ஈட்டுக்கடனோடு வரும் வீடு விடுதலையன்று, காலிற் பூட்டிய விலங்கு என்பதே அவர் வாதத்தின் சாரம். நூறாண்டு கழித்து நிகழ்ந்ததோ அவர் எண்ணியதினும் நுட்பமானது. வீட்டோடு சேர்த்து, பொதுச் சொத்தின் பழுதும் தனிமனிதருக்கு விற்கப்பட்டது. கிழக்கு இலண்டனின் நியூஹாமில் 93 வயது மூதாட்டி ஒருவருக்குக் கூரை வேலைக்கென ஏறத்தாழ 50,000 பவுண் கேட்டுக் கடிதம் வந்தது. அதன் பின் அவர் இறந்துபோனார். அவர் குடும்பத்தாரின் போராட்டத்தைத் தொடர்ந்து 2014இல் ஒரு விதி பிறந்தது: மத்திய அரசின் உதவிப் பணத்தோடு நடைபெறும் வேலைகளுக்கு ஐந்து ஆண்டுகளில் இலண்டனில் 15,000 பவுணுக்கு மேலும் பிற இடங்களில் 10,000 பவுணுக்கு மேலும் சபைகள் அறவிடலாகாது. சபை தன் சொந்த நிதியிற் செய்யும் வேலைக்கு அவ்வரம்பு பொருந்தாது. இம்மூதாட்டியையா நாம் சொத்துடைய வர்க்கத்தின் பிரதிநிதி என்று ஒதுக்குவது?

எனினும், மறுப்பின் உள்ளே உள்ள உண்மையை நாம் மறைக்கக் கூடாது. குத்தகைக்காரர் தம் பங்கைக் கொடாவிட்டால் அதே மாடியில் வாழும் வாடகைக்காரரின் வாடகையிலிருந்தே சபை அதனை எடுக்க நேரும். ஏழையின் சுமையைக் குறைப்பதற்கு அவரினும் ஏழையானவரின் தலையில் ஏற்றுவது நீதியாகாது. ஆனால், இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தியது யார் என்பதை ஆராய்தல் வேண்டும். வீடுகளை விற்றுக் கிடைத்த பணம் வீடுகளுக்கே திரும்பியிருந்தால் இம்மோதல் இவ்வளவு கூர்மையடைந்திராது. 1989 ஆம் ஆண்டின் சட்டமோ அப்பணத்தில் 75 வீதத்தைக் கடனடைப்புக்கென ஒதுக்குமாறு சபைகளைப் பணித்தது. கூரைகள் காத்திருந்தன. பொதுச் சொத்தை விற்ற பணம் ஒரு வழியிற் போக, அதன் பழுது வேறொரு வழியில் மக்களிடம் வந்து சேர்ந்தது. படிக்கட்டில் ஒருவரையொருவர் குறைகூறும் வாடகைக்காரரும் குத்தகைக்காரரும் உண்மையில் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களில் ஏமாற்றப்பட்டவர்கள்.

நீதிமன்றங்களும் இவ்வுண்மையின் ஒரு கீற்றைக் கண்டதுண்டு. இலண்டன் ஹவுன்ஸ்லோ பகுதியில் சபை செய்த பெருவேலைக்காக ஒரு குத்தகைக்காரரிடம் 55,000 பவுணுக்கு மேற் கேட்கப்பட்ட வழக்கில், 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமானதொரு வேறுபாட்டைக் காட்டிற்று. கட்டாயமான திருத்தம் வேறு. செய்தாலும் செய்யாது விட்டாலும் ஆகும் மேம்பாடு வேறு. பிந்தியதைச் செய்யும்போது, கொடுப்போரின் கருத்தையும் அவர்கள் மீது விழும் பணச்சுமையையும் சிறப்பாகக் கவனத்திற் கொள்ளல் வேண்டும் என்றது. கொடுப்பவரின் வாழ்க்கையும் கணக்கில் ஓர் இலக்கமே என்று ஏற்றுக்கொண்டமைக்காக அத்தீர்ப்பை வரவேற்கலாம்.

அதே ஆண்டு யூன் 14ஆம் நாள் கிரென்பெல் கோபுரம் எரிந்தது. 72 பேர் மாண்டனர். தீப்பற்றும் மேலுறை போர்த்திய மாடிகள் நாடெங்கும் கண்டறியப்பட்டபோது, அவற்றைக் கழற்றும் செலவு அங்கு வீடு வாங்கியோரின் தலையிலேயே விழத் தொடங்கிற்று. மேலுறையைத் தேர்ந்தவர் அவரல்லர், அனுமதித்தவர் அவரல்லர், அதனால் உயிர் போகக்கூடியவர் மட்டும் அவர். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் வந்த 2022 ஆம் ஆண்டின் கட்டிடப் பாதுகாப்புச் சட்டம், 11 மீற்றருக்கு மேற்பட்ட கட்டிடங்களில் தகுதி பெற்ற குத்தகைக்காரரிடம் மேலுறைச் செலவை அறவிடுவதைத் தடை செய்தது. ஏனைய பாதுகாப்புக் குறைகளுக்கு வரம்பிட்டது. கட்டியவரும் நிலக்காரரும் முதலிற் கொடுக்க வேண்டும் என்றது. பழுதை உண்டாக்கியவரே அதன் விலையைக் கொடுத்தல் வேண்டும் என்னும் எளிய நீதி சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு 72 உயிர்கள் தேவைப்பட்டன. ஆனால், வெறுமனே முதுமையடைந்த கூரைக்கும் தேய்ந்த மின்தூக்கிக்கும் அந்நீதி இன்னும் எட்டவில்லை.

இவ்வாறுதான் இருக்க முடியும் என்பதன்று. எல்லைக்கு வடக்கே ஸ்கொட்லாந்திற் குத்தகை வீட்டு முறை இல்லை. அங்கு 2004 ஆம் ஆண்டின் சட்டப்படி, முன்னைய உடைமையாளர் காலத்து வேலைக்கான செலவைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்பதாயின், அவர் உரிமை பெறுவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னரே பகிரங்கப் பதிவேட்டில் அறிவித்தல் பதியப்பட்டிருத்தல் வேண்டும். அறியாதவரிடம் கேட்காதே என்பதே அதன் கருத்து. பிரான்சின் 1965 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரரைக் கட்டிடத்தின் கூட்டு உடைமையாளராக்கிற்று. 2014இல் வந்த சட்டம் வேலை நிதியொன்றை ஆண்டுதோறும் சேர்க்கப் பணித்தது. விட்டுச் செல்பவர் தாம் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. அது தாம் தேய்த்த கூரைக்குக் கொடுத்த விலை. நமது நாடும், ஆங்கிலச் சட்டத்தின் நிழலில் நெடுங்காலம் இருந்தும், மாடிவீட்டு உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வீட்டோடு பொதுப் பகுதியிற் பங்கையும் தரும் வழியைத் தேர்ந்தது. இங்கிலாந்தும் 2002இற் பொது உடைமை முறையொன்றைச் சட்டமாக்கியது. ஆனால் நிலத்தில் வருவாய் காண்போர் அதனை நாடாமையால் மிகச் சில கட்டிடங்களே அதில் அமைந்தன. 2024இற் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் பொது உடைமையே வழமையாக வேண்டும் என்று அரசாங்கம் வெள்ளை அறிக்கை வெளியிட்டது.

இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. உடைமை கைமாறுவதனாற் கூரை தானாகத் திருந்திவிடாது. அமெரிக்காவின் புளோரிடாவில், சேர்ப்சைட் என்னும் ஊரில், 2021 யூன் 24ஆம் நாள் அதிகாலையில் 12 மாடிக் கட்டிடமொன்றின் பெரும் பகுதி இடிந்து 98 பேர் மாண்டனர். அங்கு நிலக்காரர் எவரும் இல்லை, குடியிருந்தோரே உடைமையாளர். கொங்கிறீற்றுப் பழுதை 2018இல் பொறியியலாளர் ஒருவர் அறிக்கையிற் காட்டியிருந்தார். செலவைப் பற்றிய வாக்குவாதங்கள் நீண்டன; ஒன்றரைக் கோடி டொலர் அறவிட முடிவு செய்யப்பட்டது 2021 ஏப்ரலிலேயே. திருத்த வேலை முழுமையாகத் தொடங்குமுன் கட்டிடம் வீழ்ந்தது. தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் போதாது, நாளைக்காக இன்று கொடுக்கும் ஒழுக்கமும் வேண்டும் என்பதை அத்துயரம் நமக்குக் கூறுகிறது. நிலக்காரரின் பேராசை ஒருபுறம் இருக்க, ‘என் காலத்தில் வேண்டாம்’ என்னும் எண்ணம் நம் ஒவ்வொருவரிடத்தும் வாழும் சிறு நிலக்காரராகும்.

எனவே, நாம் வந்தடையும் முடிவு யாதெனில், பொதுப் பொருளின் சுமையை நீதியாகப் பகிர்வதற்கு அறிவு, அதிகாரம், காலம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்தல் வேண்டும். சுமக்கப்போகிறவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கட்டிடத்தின் நிலை பற்றிய அறிக்கை பூட்டிய அலுமாரியில் அன்று, வாங்க வருபவர் கையில் இருத்தல் வேண்டும். சுமப்பவரே தீர்மானிப்பவராயிருத்தல் வேண்டும். பணம் ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது என்னும் நிலை உடைமையன்று, பெயர் மாறிய குடிமையே. தேய்மானத்தின் விலை தேயுந்தோறும் கொடுக்கப்படல் வேண்டும். அப்பொழுது எவரும் கடைசி நாளில் வாசலில் நின்றமைக்காகத் தண்டிக்கப்படமாட்டார். இவற்றோடு, அரசே விற்ற பழுதுக்கு அரசும் பங்கு கொள்ளல் வேண்டும். ஏனெனில், சமுதாயம் சேர்ந்து ஒத்திப்போட்ட கடனைத் தனியொரு மூதாட்டியின் கதவிடுக்கிற் கடிதமாகப் போடுவது கணக்கியலன்று, கோழைத்தனம்.

கொழும்பிலும் இன்று மாடிகள் உயர்ந்துகொண்டே செல்கின்றன. அவற்றின் கூரைகளும் ஒருநாள் முதுமையடையும். சட்டம் நம்மிடம் செம்மையாக இருக்கலாம். ஒதுக்கு நிதியில் ஆண்டுதோறும் பணம் விழுகிறதா, கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், பழுதைச் சுட்டிக்காட்டுபவரின் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்பனவே கூரையின் வாழ்நாளைத் தீர்மானிக்கும். நாம் இருக்கும் வீட்டை நமக்குப் பின் வருபவர் அச்சமின்றி வாங்கக்கூடியதாக விட்டுச் செல்கிறோமா என்னும் வினாவை, ஒவ்வொரு மாடியிலும் குடியிருப்போர் கூடி, கணக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டல் வேண்டும்.